இடுக்கி அணை எதற்காகக் கட்டப்பட்டது?

வைகைக்கரை:
மேட்டூரைப் பற்றிப் பேசும்போது பாசனம், குடிநீர், மின்சாரம் என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். இடுக்கியைப் பற்றி அப்படிச் சொல்ல முடியுமா? குறவன் மலைக்கும் குறத்தி மலைக்கும் இடையில் 169 மீட்டர் உயரத்துக்குக் கான்கிரீட் சுவர் நிற்கிறது. அதில் ஒரு மதகுகூட இல்லை. அணைக்குக் கீழே பெரியாற்றின் படுகை பாறையும் புதருமாகக் கிடக்கிறது. அங்கிருந்து ஒரு பாசனக் கால்வாயும் புறப்படவில்லை. "பல்நோக்குத் திட்டம்" என்று சுற்றுலாக் கையேடுகள் எழுதுகின்றன. அது கைப்பழக்கத்தில் எழுதியதாகவே எனக்குத் தோன்றுகிறது. இதன் வரலாறு தெரிந்தவர்கள் சொல்லுங்கள். முல்லைப்பெரியாற்றுச் சண்டையை இங்கே இழுக்காமல் பேசினால் நல்லது.

கூடலூர்க்காரன்:
முல்லைப்பெரியாற்றை விட்டுவிட்டு இடுக்கியைப் பேசச் சொல்கிறீர்கள். மேலே இருக்கும் அணையில் வழிவது எல்லாம் கீழே இருக்கும் அணைக்குத்தான் போகிறது. வண்டிப்பெரியாறு, உப்புத்தறை, அய்யப்பன்கோவில் வழியாக நேரே இடுக்கி நீர்த்தேக்கம். ஒன்றை மறைத்துவிட்டு இன்னொன்றை எப்படி விளக்குவீர்கள் என்று பார்க்கிறேன்.

ஓய்வுபெற்ற டர்பைன்:
வைகைக்கரை, உங்கள் சந்தேகம் சரியானது. இடுக்கி மின்சாரத்துக்காக, மின்சாரத்துக்காக மட்டுமே திட்டமிடப்பட்டது. அந்த ஒரு நோக்கத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் அங்கே விசித்திரமாகத் தெரிவதெல்லாம் விளங்கிவிடும்.

முதலில், அங்கே இருப்பது ஓர் அணை அன்று, மூன்று. பெரியாற்றின் குறுக்கே நீங்கள் சொன்ன வளைவு அணை. பக்கத்திலேயே செறுதோணி ஆற்றின் குறுக்கே 138 மீட்டர் உயரத்தில் செறுதோணி அணை. இவை இரண்டையும் கட்டிவிட்டால் தண்ணீர் மட்டம் ஏறி, மேற்கே கிளிவள்ளித்தோட்டின் பக்கம் உள்ள பள்ளம் வழியாக வெளியேறிவிடும். அதை அடைக்கக் குளமாவில் 100 மீட்டர் உயர அணை. மூன்றும் சேர்ந்து ஒரே நீர்த்தேக்கத்தைத் தாங்குகின்றன. மொத்தக் கொள்ளளவு 1,996 மில்லியன் கன மீட்டர், நம் கணக்கில் 70 டி.எம்.சி.க்குச் சற்று மேல். மேட்டூரின் முக்கால் பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மதகு எங்கே என்றால், செறுதோணியில். ஐந்து ஷட்டர்கள் அங்கேதான் இருக்கின்றன. தண்ணீர் தினமும் வெளியேறும் வழி எங்கே என்றால், அது குளமாவுப் பக்கம் மலைக்குள் இருக்கிறது. அங்கிருந்து சுரங்கம் வழியாகப் போய், செங்குத்தான அழுத்தக் குழாய்களில் இறங்கி, மலையைக் குடைந்து அமைத்த மூலமற்றம் மின்நிலையத்தில் விழுகிறது. உயர வேறுபாடு 660 மீட்டருக்கு மேல். இரண்டாயிரம் அடிக்கும் அதிகம்! நீலகிரியின் குந்தா மின்நிலையத்தில் வேலையைத் தொடங்கி, முல்லைப்பெரியாற்றுத் தண்ணீரில் ஓடும் லோயர் கேம்ப் மின்நிலையத்தில் ஓய்வு பெற்றவன் நான். அந்த எண்ணைக் கேட்டால் எனக்கு இன்றும் கொஞ்சம் பொறாமை வரும்.

உயரம்தான் காசு. ஒரு கன மீட்டர் தண்ணீர், அதாவது ஆயிரம் லிட்டர், 660 மீட்டர் இறங்கினால் ஏட்டுக் கணக்கில் 1.8 யூனிட். குழாயில் உரசல், டர்பைன், ஜெனரேட்டர் இழப்புகள் போகக் கையில் கிடைப்பது ஏறத்தாழ ஒன்றரை யூனிட். பயன்படுத்தக்கூடிய நீர் 1,460 மில்லியன் கன மீட்டர். நிரம்பிய இடுக்கி என்பது சுமார் 219 கோடி யூனிட் சேமிப்பு. மூலமற்றத்தில் 130 மெகாவாட் இயந்திரங்கள் ஆறு, மொத்தம் 780 மெகாவாட். ஆறு இயந்திரங்களும் இரவும் பகலும் ஓடினாலும் அந்தச் சேமிப்பு தீர ஏறத்தாழ நான்கு மாதம் ஆகும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மூலமற்றத்தில் வெளியேறும் தண்ணீர் பெரியாற்றுக்குத் திரும்புவதில்லை. தொடுபுழா ஆற்றில் கலந்து மூவாற்றுப்புழாவுக்குப் போகிறது. ஆற்றையே இடம் மாற்றிவிட்டார்கள். பெரியாற்றின் வழியில் இவ்வளவு பெரிய செங்குத்து இறக்கம் ஒரே இடத்தில் கிடைக்காது, மேற்குச் சரிவில் கிடைக்கிறது. ஆற்றைத் திருப்பியதற்கு அதுதான் காரணம்.

கட்டடவியல் மாணவி:
ஐயா சொன்னதோடு வளைவு அணையில் ஏன் மதகு வைக்கவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். செறுதோணி தன் எடையால் நிற்கும் அணை. தண்ணீர் எவ்வளவு தள்ளினாலும் நகராத அளவுக்குக் கனமாகக் கட்ட வேண்டும். இடுக்கி வேறு வகை. தண்ணீர் தள்ளும் விசையை வளைவின் வழியாக இரு பக்கத்துப் பாறைகளுக்கும் கடத்திவிடுகிறது. தாங்குவது குறவனும் குறத்தியும்தான்.

விளைவைக் கான்கிரீட் கணக்கில் பார்க்கலாம். உயரம் குறைந்த செறுதோணிக்குச் சுமார் 17 லட்சம் கன மீட்டர் கான்கிரீட். அதைவிட 30 மீட்டர் உயரமான இடுக்கிக்கு ஐந்து லட்சத்துக்கும் குறைவு. உச்சியில் தடிமன் 7.62 மீட்டர், அடியில் 19.81 மீட்டர். 169 மீட்டர் உயரத்துக்கு இது வியப்பூட்டும் மெலிவு. நிமிர்ந்தும் வளைந்திருக்கிறது, கிடையாகவும் வளைந்திருக்கிறது. இப்படிப்பட்ட மெல்லிய உடலில் பெரிய திறப்புகள் வைத்தால் விசை ஓடும் பாதை அறுபடும். வெள்ள நீரை அதன் உச்சியிலிருந்து கொட்டவிட்டால் அடிப்பாறை அரிக்கப்படும். பக்கத்திலேயே வலுவான செறுதோணி இருக்கும்போது அந்த ஆபத்து தேவையில்லை.

ஒரு கேள்வி. இந்த இடத்தை வேட்டைக்குப் போனவர்தான் கண்டுபிடித்தார் என்று எல்லா இடங்களிலும் எழுதியிருக்கிறார்களே, உண்மையா?

ஓய்வுபெற்ற டர்பைன்:
அந்தக் கதை கேரளத்தில் எல்லோருக்கும் தெரியும். 1922 இல் மலங்கரை எஸ்டேட்டின் கண்காணிப்பாளராக இருந்த டபிள்யூ.ஜே. ஜான் காட்டுக்குள் வேட்டைக்குப் போகிறார். வழிகாட்டியாக வந்த பழங்குடித் தலைவர் கொலும்பன், இரு மலைகளுக்கு நடுவே பெரியாறு நுழையும் இடத்தைக் காட்டி, குறவன் குறத்தி கதையைச் சொல்கிறார். ஜானுக்கு அங்கே ஓர் அணை தோன்றுகிறது. பத்து ஆண்டுகள் கழித்து, 1932 இல், திருவிதாங்கூர் அரசுக்கு அறிக்கை கொடுக்கிறார். கொலும்பனுக்கு அணைக்கு அருகில் நினைவிடமும் சிலையும் இருக்கின்றன.

கதையை நான் மறுக்கவில்லை. ஆனால் அதோடு நிறுத்திவிடுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. பார்த்த இடத்துக்கும் கட்டிய அணைக்கும் நடுவில் ஐம்பது ஆண்டுகள் இருக்கின்றன. 1937 இல் இத்தாலியப் பொறியாளர்கள் வந்து ஆராய்ந்தார்கள். 1947 இல் திருவிதாங்கூர் மின்துறைப் பொறியாளர் ஜோசப் ஜான் விரிவான அறிக்கை தயாரித்தார். திட்டக் குழு ஒப்புதல் கொடுத்தது 1963 இல். பணமில்லை. 1967 இல் கனடாவோடு உதவி ஒப்பந்தம் வந்த பிறகுதான் வேலை வேகம் பிடித்தது. நீலகிரியில் குந்தாவுக்குக் கைகொடுத்ததும் அதே கனடாதான். வளைவு அணையின் வடிவமைப்பில் கனடாவின் எஸ்.என்.சி. நிறுவனத்துக்குப் பங்கு உண்டு. கட்டியது இந்துஸ்தான் கன்ஸ்ட்ரக்‌ஷன் நிறுவனம். 1969 ஏப்ரலில் வளைவு அணையின் வேலை தொடங்கியது, 1973 பிப்ரவரியில் தண்ணீர் தேக்கத் தொடங்கினார்கள், 1976 பிப்ரவரி 12 அன்று இந்திரா காந்தி மின்நிலையத்தைத் தொடங்கி வைத்தார். அப்போது மூன்று இயந்திரங்கள்தான். மற்ற மூன்றும் எண்பதுகளின் நடுவில் வந்தன.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், கேரளத்தில் நிலக்கரி கிடையாது. பத்து மூட்டை நிலக்கரியானாலும் வெளியிலிருந்துதான் வர வேண்டும். இருப்பது மழை, செங்குத்தான மலை, நீளம் குறைந்த ஆறுகள். 1940 இல் பள்ளிவாசல், 1960களின் நடுவில் சபரிகிரி என்று ஒவ்வொன்றாகக் கட்டிக்கொண்டு வந்தார்கள். ஆனால் ஆறு மாதம் பெய்யும் மழையைப் பன்னிரண்டு மாதத்துக்கும் நீட்டும் அளவுக்குப் பெரிய தேக்கம் வேண்டியிருந்தது. அந்த இடத்தை இடுக்கி நிரப்பியது. நிலையம் வந்த ஆண்டுகளில் கேரளம் பக்கத்து மாநிலங்களுக்கு மின்சாரம் விற்கும் நிலையில் இருந்தது. மூலமற்றத்திலிருந்து உடுமலைப்பேட்டைக்கு மின்தடம் போட்டது அதனால்தான்.

வைகைக்கரை:
நான் தேடியது இந்த விளக்கம்தான். ஒரு நோக்கத்தைத் தவிர வேறெதையும் ஏற்காமல் கட்டியிருக்கிறார்கள். இதில் எனக்கு ஒரு மரியாதையும் வருகிறது. எல்லோருக்கும் எல்லாம் தருவதாக அறிவித்துவிட்டு எதையும் ஒழுங்காகத் தராத திட்டங்களை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம்.

ஏலக்காட்டுப் பெண்:
மரியாதை கொடுப்பதற்கு முன் அய்யப்பன்கோவிலையும் கொஞ்சம் நினையுங்கள் அண்ணா. எங்கள் தோட்டம் வண்டன்மேட்டுப் பக்கம். எங்கள் பகுதியில் இடுக்கி என்றால் பெரியவர்கள் முதலில் சொல்வது அணையை அல்ல, மக்களை வெளியேற்றிய குடியிறக்கத்தை.

நாற்பதுகளில் உணவுப் பஞ்சம் வந்தபோது, காட்டை வெட்டி நெல்லும் மரவள்ளியும் பயிரிடுங்கள் என்று அரசே மக்களை மலைக்கு ஏற்றியது. "அதிக உணவு விளைவிப்போம்" என்பது அந்தக் காலத்து முழக்கம். நடுத் திருவிதாங்கூரிலிருந்து ஏழைக் குடும்பங்கள் வந்து அய்யப்பன்கோவில் பகுதியில் நிலம் திருத்தின. இருபது ஆண்டுகூட ஆகவில்லை. இடுக்கித் திட்டத்துக்கு நீர்ப்பிடிப்புப் பகுதி வேண்டும் என்று 1961 இல் அவர்களையே இறக்கிவிட்டார்கள். ஆயிரக்கணக்கானவர்களை வண்டிகளில் ஏற்றி, குமுளிக்கு அருகில் அமராவதியில் கொண்டுபோய் விட்டார்கள். ஜூன் மாதத்து மழை. தங்க இடமில்லை. கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் அங்கே வந்து உண்ணாவிரதம் இருந்த பிறகுதான் நாடு திரும்பிப் பார்த்தது. அப்போது திட்டக் குழு ஒப்புதலே வரவில்லை என்பதை மேலே ஐயா கொடுத்த ஆண்டுகளோடு வைத்துப் பாருங்கள். 1961 இல் வெளியேற்றம், 1963 இல் ஒப்புதல், 1969 இல் அணை வேலை. மழையில் நின்றவர்களை எட்டு ஆண்டு முன்னதாக எழுப்ப வேண்டிய அவசரம் என்ன?

நீர்மட்டம் மிகவும் இறங்கும் கோடைகளில் குளமாவுப் பக்கம் வைரமணி ஊரின் பழைய தேவாலயம் வெளியே தெரியும். பத்திரிகைகள் படம் போடும். ஊர் என்ன ஆனது என்று எழுதுகிறவர்கள் குறைவு.

ஓய்வுபெற்ற டர்பைன்:
உங்கள் கேள்விக்கு என்னிடம் நியாயமான பதில் இல்லை, அம்மா. மின்வாரியங்களின் திட்ட அறிக்கைகளில் வெளியேற்றம் என்பது செலவுப் பட்டியலில் ஒரு வரியாகத்தான் வரும். குந்தாவிலும் நான் அதைப் பார்த்திருக்கிறேன்.

கூடலூர்க்காரன்:
எல்லோரும் பேசி முடித்தாயிற்றா? இப்போது கம்பம் பள்ளத்தாக்கு பேசட்டும்.

1895 இல் பென்னிகுவிக் கட்டிய அணையில் 152 அடி வரை தண்ணீர் நின்றது. எண்பது ஆண்டுகளுக்கு மேல் யாரும் பயப்படவில்லை. இடுக்கியில் மின்நிலையம் வந்தது 1976 இல். அடுத்த மூன்றே ஆண்டுகளில், 1979 இல், அணை பலவீனம் என்று கிளப்பி 136 அடிக்கு இறக்கிவிட்டார்கள். 152 க்கும் 136 க்கும் இடையில் நிற்க வேண்டிய தண்ணீர் எங்கே போகிறது? நேராக இடுக்கிக்கு. எங்கள் 14,707 ஏக்கர் இருபோகத்துக்கும் மதுரை வரை குடிநீருக்கும் போக வேண்டிய தண்ணீரில் அவர்கள் விளக்கு எரிக்கிறார்கள். ஒரே ஒரு நோக்கம் என்றீர்களே ஐயா, அந்த நோக்கத்துக்குப் பலியானது நாங்கள். இதைத் தேனி மாவட்டத்தில் பத்து வயதுப் பிள்ளையும் சொல்லும்.

கட்டடவியல் மாணவி:
அண்ணா, 1979 ஆகஸ்டில் குஜராத்தில் மோர்வி அணை உடைந்து பெரும் உயிர்ச்சேதம் ஆனது. அந்த அதிர்ச்சியில்தான் கேரளத்தில் முல்லைப்பெரியாறு குறித்த அச்சம் பரவியது. சுண்ணாம்புக் கலவையில் கட்டிய பழைய அணை, கீழே மக்கள் நிறைந்த ஊர்கள். அச்சம் போலி என்று சொல்ல முடியாது. மத்திய நீர்வளக் குழுமமும்தான் மட்டத்தைக் குறைக்கச் சொன்னது.

கூடலூர்க்காரன்:
குறைக்கச் சொன்னது, பலப்படுத்தும் வரை. நாங்கள் பலப்படுத்தினோம். உச்சியில் கான்கிரீட் தொப்பி, அணை உடலைத் துளைத்து இரும்பு வடங்களால் அடிப்பாறையோடு பிணைப்பு, பின்புறம் கான்கிரீட் தாங்கு சுவர். அதற்குப் பிறகும் ஏற்றவிடவில்லை. 2006 இல் 142 அடிக்கு உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. அடுத்த மாதமே கேரளச் சட்டமன்றம் சட்டம் போட்டுத் தடுத்தது. 2014 மே மாதம் ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தச் சட்டம் செல்லாது என்றது. அந்த ஆண்டு நவம்பரில்தான் 142 ஐப் பார்த்தோம். 35 ஆண்டுகள், தங்கையே! பயம் அவ்வளவு நாள் உயிரோடு இருக்க இடுக்கியின் தண்ணீர்க் கணக்கு காரணமில்லை என்று நீங்கள் நம்பினால் நம்பிக்கொள்ளுங்கள்.

ஓய்வுபெற்ற டர்பைன்:
கோபத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டுக் கணக்குப் போடுவோம். எனக்குத் தெரிந்தது அதுதான்.

152 அடிக்கும் 136 அடிக்கும் இடையில் முல்லைப்பெரியாற்றில் நிற்கக்கூடியது சுமார் 4 டி.எம்.சி. அது 11 கோடி கன மீட்டருக்குச் சற்று மேல். அது முழுவதும் இடுக்கிக்குப் போனதாகவே வைத்துக்கொள்வோம். மூலமற்றத்தில் கன மீட்டருக்கு ஒன்றரை யூனிட் வீதம் 17 கோடி யூனிட். நிரம்பிய இடுக்கியின் 219 கோடியில் எட்டு சதவீதம் அளவு. இடுக்கியைக் கட்டியதே இந்த எட்டு சதவீதத்துக்காக என்று சொன்னால் கணக்குத் தெரிந்தவன் சிரிப்பான். ஆனால் செலவில்லாமல் வரும் எட்டு சதவீதத்தை எந்த மின்வாரியமும் வேண்டாம் என்று சொல்லாது. இதைச் சொன்னாலும் கணக்குத் தெரிந்தவன் ஒப்புக்கொள்வான்.

அதே 4 டி.எம்.சி. நம் பக்கம் வந்தால்? லோயர் கேம்ப்பில் நொடிக்கு 1,600 கன அடி ஓடும்போது 140 மெகாவாட் எடுத்தோம். கன மீட்டருக்கு 0.85 யூனிட் அளவு. மொத்தம் பத்துக் கோடி யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. மின்சாரம் என்று மட்டும் பார்த்தால் கேரளத்துக்குப் போனால்தான் அதிகம். நமக்கோ அந்தத் தண்ணீர் மின்சாரம் கொடுத்துவிட்டு முல்லையாற்றில் இறங்கி வயலுக்கும் வைகை அணைக்கும் போகிறது. ஒரே தண்ணீருக்கு இரண்டு வேலை. மூலமற்றத்துத் தண்ணீருக்கும் பிறகு வேலை உண்டு என்பதை நேர்மைக்காகச் சொல்லிவிடுகிறேன். மலங்கரை அணையில் தேக்கி மூவாற்றுப்புழாப் பாசனத்துக்குக் கொடுக்கிறார்கள். அது பின்னால் சேர்ந்த பயன், இடுக்கி அதற்காகக் கட்டப்படவில்லை.

இன்னொரு பழைய கதை. முல்லைப்பெரியாற்றுத் தண்ணீரில் மின்சாரம் எடுக்க நமக்கே முதலில் உரிமை கிடையாது. 1886 குத்தகை பாசனத்துக்கு மட்டும்தான் என்று திருவிதாங்கூர் வாதாடியது. திவான் சி.பி. ராமசாமி அய்யர் விடவில்லை. 1941 இல் நடுவர் நளினி ரஞ்சன் சாட்டர்ஜி திருவிதாங்கூருக்குச் சாதகமாகவே சொன்னார். ஆனாலும் ஐம்பதுகளின் இறுதியில் லோயர் கேம்ப் ஓடத் தொடங்கிவிட்டது. 1970 ஒப்பந்தத்தில்தான் ஏக்கருக்கு 5 ரூபாயாக இருந்த குத்தகை 30 ரூபாயாகி, மின்சாரத்துக்குத் தனிக் கட்டணம் பேசி, அதை முறைப்படுத்தினார்கள். எந்தத் தண்ணீர் எந்த வேலைக்கு என்ற சண்டை இடுக்கிக்கு முன்பே அந்த ஆற்றில் இருந்தது.

கூடலூர்க்காரன்:
எட்டு சதவீதம் உங்களுக்குச் சிறியது ஐயா. 4 டி.எம்.சி. எங்களுக்கு ஒரு போகம்.

ஓய்வுபெற்ற டர்பைன்:
அதில் எனக்கு மறுப்பு இல்லை.

வைகைக்கரை:
சண்டையை இழுக்க வேண்டாம் என்று நான் சொன்னதை யாரும் பொருட்படுத்தவில்லை, பரவாயில்லை. எனக்கு 2018 பற்றிக் கேட்க வேண்டும். ஆகஸ்ட் 9 அன்று செறுதோணி ஷட்டரை 26 ஆண்டுகளுக்குப் பிறகு திறந்தார்கள். மறுநாள் ஐந்தும் திறந்திருந்தன. மீட்புப்படை வீரர் ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு செறுதோணிப் பாலத்தில் ஓடிய காட்சியை எல்லோரும் பார்த்தோம். மின்சாரத்துக்காக விளிம்பு வரை தேக்கி வைத்திருந்ததால்தான் அந்த நிலை வந்தது என்கிறார்கள். ஜூலையிலேயே கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்திருக்கக் கூடாதா?

ஏலக்காட்டுப் பெண்:
26 ஆண்டுகள் என்பதைச் சாதாரணமாகக் கடந்துவிடாதீர்கள். 1981 இல் திறந்தார்கள், 1992 இல் திறந்தார்கள், அப்புறம் 2018. ஒரு தலைமுறை முழுவதும் அந்த ஆற்றில் தண்ணீரைப் பார்க்காமலே வளர்ந்தது. செறுதோணியில் கடைகள், பஸ் நிலையம், வாழைத் தோட்டங்கள் எல்லாம் ஆறு ஓட வேண்டிய இடத்துக்கே இறங்கி வந்துவிட்டன. ஆற்றை மூலமற்றத்துக்குத் திருப்பியதில் யாரும் எதிர்பார்க்காத விளைவு இது. மக்களைக் குறை சொல்வதில் பயனில்லை. பட்டா கொடுத்தவர்களும் அதே வறண்ட ஆற்றைத்தான் பார்த்தார்கள்.

கட்டடவியல் மாணவி:
மத்திய நீர்வளக் குழுமத்தின் 2018 அறிக்கை, அணைகள் வெள்ளத்தைப் பெரிதாகக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை என்ற முடிவுக்கு வந்தது. ஆகஸ்ட் 15 முதல் 17 வரை பெய்த மழையை 1924 ஜூலை மழையோடு ஒப்பிட்டது. கொல்லம் ஆண்டு 1099 இல் வந்ததால் கேரளத்தில் "தொண்ணூற்றொன்பது வெள்ளம்" என்பார்களே, மூணாறின் மலை ரயிலை அடித்துக்கொண்டுபோனது, அந்த மழை. அது பெய்தபோது இடுக்கி அணையே கிடையாது. ஆகவே அணை இல்லாவிட்டாலும் வெள்ளம் வந்திருக்கும்.

வைகைக்கரை:
அந்த அறிக்கை கேட்ட கேள்வியே தவறு என்பது என் கருத்து. அணை வெள்ளத்தை உண்டாக்கியதா என்று யார் கேட்டது? 70 டி.எம்.சி. தேக்கும் அணை வெள்ளத்தை ஏன் வாங்கிக்கொள்ளவில்லை என்பதுதான் கேள்வி. ஜூலை இறுதியில் கால்வாசி காலியாக இருந்திருந்தால் ஆகஸ்ட் மழை உள்ளே அடங்கியிருக்கும்.

ஓய்வுபெற்ற டர்பைன்:
காலியாக வைத்திருக்கலாம். அதற்கு விலை உண்டு. உச்ச நேரத்தில் செறுதோணியிலிருந்து நொடிக்கு 15 லட்சம் லிட்டர் விட்டார்கள். அந்த வேகத்தில் ஒரு நாள் முழுவதும் விட்டால் போவது 13 கோடி கன மீட்டர், 19 கோடி யூனிட்டுக்கு மேல். ஆறு இயந்திரங்களும் முழு வேகத்தில் ஓடினால்கூட மூலமற்றம் குடிப்பது நொடிக்கு ஒன்றரை லட்சம் லிட்டருக்கும் குறைவு. பத்தில் ஒரு பங்கு. ஷட்டரைத் திறப்பது என்பது ஒரு மின்வாரியப் பொறியாளனுக்குச் சம்பளத்தை ஆற்றில் கொட்டுவது போல. ஜூலையில் திறந்துவிட்டு ஆகஸ்டில் மழை பொய்த்தால், அடுத்த ஏப்ரலில் மின்வெட்டுக்கு அவன்தான் பதில் சொல்ல வேண்டும். இந்தப் பயத்தில் நானும் வேலை பார்த்திருக்கிறேன்.

ஆனால் உங்கள் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது. முழு மட்டம் 2,403 அடி. திறந்தது 2,399 அளவில். நான்கு அடிதான் மிச்சம். வெள்ளத்துக்கென்று இடம் ஒதுக்காத அணை என்பதால் அப்படி நடத்தினார்கள். 2018 க்குப் பிறகு மாதவாரியாக எந்த மட்டத்தைத் தாண்டக்கூடாது என்று வரைகோடு போட்டு நடத்துகிறார்கள். 2021 அக்டோபரில் முழு மட்டத்தை எட்டும் முன்பே, பகலில், முன்னறிவிப்போடு திறந்தார்கள். ஆக, வெள்ளத் தடுப்பு என்ற இரண்டாவது வேலையை அந்த அணை நாற்பது ஆண்டுகள் கழித்து ஏற்றுக்கொண்டது. சுவரில் ஒரு கல்லும் மாறவில்லை, நடத்தும் விதம் மாறியது.

கட்டடவியல் மாணவி:
முதல் வேலையும் மாறிக்கொண்டிருக்கிறது ஐயா. கேரளத்தின் உச்ச மின்தேவை ஐந்தாயிரம் மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. இடுக்கியின் 780 அதில் சிறு பங்கு. பகலில் சூரிய மின்சாரம் வருகிறது, தட்டுப்பாடு இரவில். ஆகவே அதே நீர்த்தேக்கத்தில் இன்னொரு 800 மெகாவாட் நிலையம் அமைக்கத் திட்டம் வைத்திருக்கிறார்கள். தண்ணீர் கூடாது, யூனிட்டும் கூடாது. அதே தண்ணீரை விளக்கு வைத்த பிறகு வேகமாகச் செலவழிக்கலாம் என்பதுதான் யோசனை.

கூடலூர்க்காரன்:
அப்படியானால் எங்கள் உபரி நீருக்கு இனி இரவு நேரக் கிராக்கியும் சேர்ந்துவிட்டது. 152 அடியை அவர்கள் விட்டுக்கொடுப்பார்கள் என்று இன்னுமா நம்புகிறீர்கள்?

ஓய்வுபெற்ற டர்பைன்:
152 கிடைக்கட்டும், நல்லதுதான். அது கிடைத்தாலும் பெருமழை நாளில் நடப்பதைச் சொல்கிறேன். தேக்கடியில் பத்தாயிரம், இருபதாயிரம் கன அடி வந்துகொண்டிருக்கும்போது, நம் பக்கம் வரும் சுரங்கம் இரண்டாயிரத்துச் சொச்சம் கன அடிக்கு மேல் கடத்தாது. மின்நிலையத்துக்கு 1,600, மிச்சம் இரைச்சல் பாலம் வழியாக. மட்டம் எதுவாக இருந்தாலும் அணை நிரம்பிய மறுநாள் வருவதெல்லாம் இடுக்கிக்குத்தான் போகும். கடத்தும் அளவைக் கூட்டவும், வந்த தண்ணீரைத் தேக்கக் கம்பம் பள்ளத்தாக்கில் கண்மாய்களைத் தூர்வாரவும் திருவனந்தபுரத்தின் அனுமதி எல்லாவற்றுக்கும் தேவையில்லை. கண்மாய் நம்முடையது. உங்கள் விவசாயிகள் சங்கம் அடுத்த மனுவை எழுதும்போது ஒரு பக்கம் கேரளத்துக்கு எழுதட்டும், இன்னொரு பக்கம் சென்னைக்கு எழுதட்டும்.

கூடலூர்க்காரன்:
சென்னைக்கு எழுதிய மனுக்கள் ஒரு மூட்டை இருக்கின்றன ஐயா. கணக்கை நீங்கள் போட்டுக்கொடுங்கள், புதிதாக ஒன்று எழுதுகிறேன்.